ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைவாசலுக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினரும் இல்லை, இதற்கு நெஞ்சில் கைவைத்து விடை சொல்லும் மாணவனும் இல்லை. அறிவியல் படிக்கும் நம்மிடம் ஆயத்தமாக மூன்று விடைகள் இருக்கின்றன. ஒன்று, தேர்வாணையத் தேர்வு. இரண்டு, பி.எட். மூன்றாவது, ஆர்வம் மிகுந்த சிலருக்கு மட்டும் உரியது: எம்.எஸ்ஸி., பிறகு பி.எச்டி., பிறகு நம் ஆசிரியர்களைப் போலவே ஒரு கல்லூரி விரிவுரையாளர் பதவி.

மூன்றாம் விடையைச் சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேராசிரியர் தம் பணிக்காலம் முழுவதிலும் பத்துப் பேருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வு பெறும் நாளில் காலியாவது ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் ஒருவர் அமர்ந்தால் மற்ற ஒன்பது பேர் எங்கே அமர்வது? புதிய கல்லூரிகள் திறக்கலாம். புதிய பணியிடங்கள் வரலாம். இருந்தாலும் ஒன்பது பேருக்கும் இடம் வராது. இது அரசின் குறையோ, மாணவனின் குறையோ அன்று, கணக்கு அப்படி. ஆதலால் ஆராய்ச்சி செய்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்கு வெளியே, மருந்துத் தொழிற்சாலையிலோ, சாய ஆலையிலோ, பரிசோதனைச் சாலையிலோ தம் அறிவுக்கு வேலை தேடியே ஆக வேண்டும். இந்த நான்காவது விடையை நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த விடையைப் பற்றியும், அந்த வாசலைத் திறக்கும் வழியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைக்குப் போவது தோல்வியா?

"ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டான்" என்று இரக்கத்தோடு பேசுவோரை நாம் அறிவோம். அவர்கள் எல்லாப்பிரகடா சுப்பாராவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1895-இல் பீமாவரத்தில் பிறந்து, நம் சென்னையில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். பள்ளியிறுதித் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். கதர் அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. மாமனாரின் உதவியும், காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றின் உதவியும் கொண்டு அமெரிக்கா சென்றார். போஸ்டன் நகரில் மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார்.

ஃபிஸ்க் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து 1925-இல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் 'ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை' என்றே படிக்கிறார்கள். தசையில் உள்ள பாஸ்போகிரியாட்டினையும், உயிருக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

அங்கே போய் அவர் மங்கிவிட்டாரா? அடுத்த எட்டே ஆண்டுகளில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அதன் எதிர்ப்பொருளான அமினோப்டெரினைத் தந்தனர். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948-இல் அறிவித்தார். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. நம் நாட்டில் 2004 முதல் யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களில் வீடு வீடாக வந்து சுகாதார ஊழியர்கள் கொடுத்த மாத்திரை அதுதான். 1948-இல் தம் 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். பல்கலைக்கழகத்தில் தவறிய நாற்காலியால் அவருடைய அறிவியல் குறைந்துவிடவில்லை. நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் வழி அதற்குக் கிடைத்தது, அவ்வளவுதான். இதைத் தோல்வி என்று எந்த நாவால் சொல்வது?

சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு

சரி, போவது நல்லதே. ஆனால் போவது எப்படி? இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு இடறுகிறது. "தனியார் வேலைக்கெல்லாம் ஆள் தெரிய வேண்டும்" என்கிறோம். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுகிறோம். ஆள் தெரிவது என்றாலே சிபாரிசு என்றும், சிபாரிசு என்றாலே இழுக்கு என்றும் நினைத்து ஒதுங்கி விடுகிறோம்.

என் தந்தையார் கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்பவர். 1958-இல் தொடங்கிய அந்தப் பேட்டைக்கு எங்கள் ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். அவர் இன்றும் அப்படித்தான் போகிறார். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் சென்னைக்கு வந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போய், "பையன் ஒழுங்கானவன், ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னாராம். ஒரு வாரம் பார்த்தார்கள். எட்டாம் நாள் வேலை உறுதியாயிற்று. ஊர்க்காரர் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு வாரத்தைத்தான்; வேலையை வாங்கியது அப்பாவின் கை. "ஆளைத் தெரியாமல் மெஷினைத் தொட எவன் விடுவான்?" என்று அப்பா கேட்பார்.

இதுதான் அறிமுகம். 'இவனைப் பாருங்கள்' என்று சொல்வது அறிமுகம். 'பார்க்காமலே இவனை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது சிபாரிசு. முன்னது தகுதிக்கு வாசல் திறப்பது. பின்னது தகுதியின் கழுத்தை நெரிப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, இரண்டையும் ஒருசேர வெறுப்பதால் நட்டப்படுகிறவர்கள் யார்? வேலை கொடுப்பவர்கள் அல்லர், நாம்தான். பெரியாரைத் துணைக்கோடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தது குறுக்கு வழியைக் கற்றுக்கொடுப்பதற்காக அன்று என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மேலை நாட்டிலும் இதே நிலைதான். மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலார், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை ஆராய்ந்து 1974-இல் ஒரு நூல் எழுதினார். அவர்களில் நூற்றுக்கு 56 பேர் அறிந்தவர் மூலமே வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டவர்கள். இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அப்படி அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த அறிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்தாம். மற்றவர்களுக்கெல்லாம் உதவியது எப்போதோ ஒருமுறை சந்திக்கும் மனிதர்கள்: பழைய ஆசிரியர், முன்பு உடன் வேலை செய்தவர், ஒரு கூட்டத்தில் பேசிப் பழகியவர்.

காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. வேறு வட்டத்தில் வாழும் ஒருவரிடம்தான் நாம் கேள்விப்படாத செய்தி இருக்கும். நெருக்கம் வேண்டுவதில்லை, முகம் தெரிந்தால் போதும் என்கிற இந்த உண்மை நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல் அன்றோ?

முதல் பட்டதாரியின் சங்கடம்

ஆனால் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

தந்தை பொறியாளராகவும், சித்தப்பா மருந்துக் கம்பெனி மேலாளராகவும் உள்ள வீட்டில் பிறந்தவனுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே அறிமுகங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. என்னிடம் இருப்பது தாசில்தார் அலுவலகம் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ். 'இவன் வீட்டில் இவனுக்கு முன் எவரும் பட்டம் பெறவில்லை' என்று அரசு அதில் எழுதியிருக்கிறது. 'ஆதலால் இவனுக்கு அந்த உலகத்தில் ஒருவரையும் தெரியாது' என்பது அதில் எழுதப்படாத இரண்டாவது வரி. அறிமுகத்தால் வேலை கிடைக்கிறது என்றால், இருப்பவனுக்கே மேலும் சேரும். இல்லாதவன் வெளியேதான் நிற்பான். இந்த அநீதியைப் பாராட்டி எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம்.

நான் பாராட்டவில்லை. அரசு வேலைக்கு எல்லோருக்கும் பொதுவான தேர்வு இருப்பதுபோன்ற நேர்மை வேறெதிலும் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் தனியார் ஆலைகள் அம்முறைக்கு வரும் வரையில் நாம் வாசலில் நின்று வைதுகொண்டிருந்தால் நம் இளமைதான் கழியும். பிறப்பால் கிடைக்காத அறிமுகத்தை உழைப்பால் தேடிக்கொள்ளலாம். அதையும் தனித்தனியே தேடாமல் கூட்டாகத் தேடலாம் என்பதே நான் சொல்ல வருவது.

உழைப்பால் தேடுவது எப்படி என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வேதியியலில் பி.எச்டி. முடித்த அக்கா ஒருவர், சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். நிரந்தரப் பணி கைகூடவில்லை. கம்பெனிகளுக்கு எழுதினார். ஓரிடத்தில் "படிப்பு அதிகம்" என்றார்கள். மற்றோரிடத்தில் "அனுபவம் இல்லை" என்றார்கள். ஒரே மனிதரிடம் படிப்பு அதிகமாகவும் அனுபவம் இல்லாமலும் இருக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டதாக அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு உதட்டளவில்தான்.

பிறகு அவர் முறையை மாற்றினார். ஆறு பக்கம் நீண்ட பயோடேட்டாவை இரண்டு பக்கமாக்கினார். ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளை அடுக்கியிருந்த இடத்தில், தம் கையால் எதையெல்லாம் செய்ய முடியும் என்று எழுதினார்: எந்தெந்தக் கருவியைத் தனியே இயக்கத் தெரியும், ஒரு பொருளின் தூய்மையை எந்த நுட்பம்வரை அளக்க முடியும், பழுதான கருவியை எத்தனை முறை தாமே சரிசெய்திருக்கிறார் என்பனவற்றை. அடுத்து, தம் பழைய துறையில் படித்து ஆலைகளில் இருப்பவர்கள் யார் யார் என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பத்துப் பேரின் பட்டியல் எடுத்தார். அவர்களிடம் வேலை கேட்கவில்லை. "உங்கள் ஆலையில் ஒரு வேதியியலார் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று இருபது நிமிடம் சொல்ல முடியுமா?" என்றுதான் கேட்டார்.

பத்துப் பேரில் ஏழு பேர் பதில் எழுதவில்லை. மூன்று பேர் பேசினர். அவர்களுள் ஒருவர், "எங்களிடம் இடமில்லை, ஆனால் இன்னாரைப் பாருங்கள்" என்று இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவர் வழியாக நேர்காணல் வந்தது. இன்று அக்கா ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். "தம்பி, வேலை கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடுவார்கள், விஷயம் கேட்டால் உட்காரச் சொல்வார்கள்" என்று அவர் சொன்னதை என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அறிவியல் உலகில் கதவைத் தட்டியவர்களின் பட்டியல் நீளமானது. சர் சி.வி. இராமன் 1907-இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். டிராம் வண்டியில் போகும்போது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய் உள்ளே நுழைந்தார். அந்த ஊரில் அவருக்குப் பெரிய மனிதர் எவரையும் தெரிந்திருக்கவில்லை. பத்து ஆண்டுகள் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் அங்கே ஆய்வு செய்தார். 1917-இல் அதிகச் சம்பள அரசுப் பதவியைத் துறந்து பேராசிரியரானார். அவர் போனது எதிர்த்திசையில். ஆயினும் பாடம் ஒன்றே. பெயர்ப்பலகையைப் பலர் பார்த்திருப்பார்கள். இறங்கியவர் அவர்.

நம் கல்லூரி என்ன செய்யலாம்?

நமக்கு அருகில் என்னதான் இல்லை? அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராயிருந்த நாயுடம்மா, விஞ்ஞானி தோல் பதனிடும் தொழிலாளியிடம் போய்த்தான் கற்க வேண்டும், கற்பிக்க வேண்டும் என்று வாழ்ந்து காட்டியவர். தரமணியில் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010-இல் திறக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் ஆலைக்காரரும் ஒரே கூரையின்கீழ் சந்திக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கிண்டிப் பேட்டை கூப்பிடு தொலைவில் இருக்கிறது. இவற்றைத் தினமும் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே நாம் கல்லூரிக்கு வருகிறோம். அரசும் 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கித் திறன் பயிற்சிக்கு வழி செய்தது. பயிற்சி நல்லதே. ஆனால் பயிற்சி பெற்றவனை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்தும் வேலையை எந்தத் திட்டமும் முழுதாகச் செய்துவிட முடியாது. அதைத் துறையும் மாணவருமே செய்ய வேண்டும். எனக்குத் தோன்றிய நான்கு யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு துறையிலும் ஒரு முன்னாள் மாணவர் பதிவேடு வேண்டும். பெயர், படித்த ஆண்டு, இன்று செய்யும் வேலை, மாணவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இசைவு உண்டா என்ற நான்கே பத்திகள் போதும். நம் கல்லூரியில் படித்துச் சென்றவர்கள் எத்தனையோ ஆலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் நம்மை மறந்துவிடவில்லை. நாம்தான் அவர்களைக் கேட்கவில்லை.

இரண்டாவது, அவர்களில் மாதம் ஒருவரை அழைக்க வேண்டும். பொன்னாடையும் மலர்ச்செண்டும் மேடையும் வேண்டாம். வகுப்பறையில் நாற்காலி போட்டு அரைமணி நேரம் நம் கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்தால் போதும். கேள்விகள் தமிழில் இருக்கலாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் கேட்க அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்கும் நல்ல மூளைகள் நம் கடைசி வரிசையில் நிறைய உண்டு.

மூன்றாவது, இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் சிலவற்றையேனும் வெளியிலிருந்து எடுக்க வேண்டும். முலாம் பூசும் பட்டறையில் கழுவி விடும் நீரில் எவ்வளவு நிக்கல் போகிறது என்று அளந்து சொன்னால், பட்டறைக்காரருக்குப் பயன். நமக்கும் அனுபவம் என்று எழுதிக்கொள்ள ஒரு வரி. பழைய செயல்திட்டத்தை மறுபடி தட்டச்சு செய்து தங்க நிற எழுத்தில் பைண்டு போட்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காவது, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் தங்கள் ஆய்வைக் கடைக்காரருக்கும் புரியும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். கேட்பவர்கள் நாங்களாக இருக்கிறோம். எங்களுக்குப் புரிந்தால் ஆலை மேலாளருக்கும் புரியும்.

இதிலும் ஒரு வரம்பு வேண்டும். அறிமுகம் கிடைத்தது என்பதற்காக ஒருவரை நச்சரிக்கலாகாது. பேசியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் சொன்ன வழியில் போய் என்ன ஆயிற்று என்பதையும் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் வேலை தெரியாதவனுக்கு ஆயிரம் அறிமுகம் இருந்தும் பயனில்லை. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல ஓர் ஊர்க்காரர் கிடைக்கலாம். அந்த ஒரு வாரத்தில் பியூரெட்டைப் பிடிக்க வேண்டியது நம் கைதான்.

"இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இப்போதே ஏன் இந்தக் கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அறிமுகம் கடைசி மாதத்தில் காசு கொடுத்து வாங்கும் பொருள் அன்று. அது நட்டு வளர்க்கும் மரம். மேலும், எனக்கு இது ஏட்டுச் சிந்தனையும் அன்று. தங்கை பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். அப்பா இன்னும் எத்தனை ஆண்டு லேத் முன் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. எம்.எஸ்ஸி. சேர்வதா, வேலைக்குப் போவதா என்று அடுத்த ஆண்டு நான் வீட்டில் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சி செய்தவனுக்குக் கல்லூரிக்கு வெளியேயும் ஒரு வாழ்வு உண்டு, அதற்கு வழி சொல்ல மனிதர்கள் உண்டு என்று தெரிந்தால், துணிந்து "படிக்கிறேன்" என்பேன். தெரியாவிட்டால், ஆசை இருந்தும் "வேலைக்குப் போகிறேன்" என்பேன். என்னைப் போல் நம் வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆகவே, நண்பர்களே, பதிவேட்டுக்கு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் துறை உதவியாளரிடம் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மூன்று முன்னாள் மாணவர்களின் பெயரை அவர்களுடைய இசைவோடு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. உங்கள் தெருவில், உங்கள் பேருந்தில், உங்கள் உறவில், நம் கல்லூரியில் படித்து ஓர் ஆலைக்குள் நுழைந்தவர் ஒருவரேனும் இருப்பார். கேட்டு வந்து எழுதுங்கள். நாளை நாமும் ஓர் ஆலைக்குள் நுழைந்தால், நம் பெயரையும் மறவாமல் அந்த நோட்டில் சேர்ப்போம்.